மல்லிக்கு எவ்வளவு வெயில்? ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கு

உச்சிப்புளிப் பக்கம் புது வீடு கட்டிக் குடிவந்த ஒருவர் கேட்டிருந்தார். வீட்டின் வடக்குச் சுவரிலிருந்து நாலடி தள்ளி ஒரு குண்டு மல்லி வைத்திருக்கிறார். கிழக்கே இரண்டு தென்னை, மேற்கே ஒரு வேம்பு. செடி கரும்பச்சையாகத் தழைத்துக் கொடியாக ஓடுகிறது, ஆனால் சீசனிலும் தலைக்கு வைக்கிற அளவுக்குக்கூடப் பூ இல்லை. மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டியில் இருக்கும் இன்னொரு மல்லிக்கு இலையெல்லாம் ஓரம் கருகுகிறது. "நம்ம ஊர் வெயிலுக்கு மல்லி தாங்காது, நிழலில் வை" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பதியன் வாங்கிய இடத்திலும் எல்லாம் தென்னை நிழலில்தான் இருந்தன. அப்படியென்றால் மல்லிக்கு வெயில் வேண்டுமா, நிழல் வேண்டுமா? வேண்டும் என்றால் எத்தனை மணி நேரம்?

வெயில்தான் வேண்டும். நேர் வெயில் ஒரு நாளைக்குக் குறைந்தது 6 மணி நேரம், அதிலும் பாதிக்கு மேல் முற்பகல் வெயிலாக இருந்தால் நல்லது. அதற்கு மேல் எவ்வளவு கிடைத்தாலும் தரையில் ஊன்றிய மல்லிக்குக் கெடுதல் இல்லை. நம் கரையில் வெயில் அதிகமாகி மல்லி பூக்காமல் போனது என்று சொல்லக்கூடிய செடி ஒன்றையும் நான் பார்த்ததில்லை. நிழலில் வைத்துப் பூக்காத மல்லி தெருவுக்கு நாலு உண்டு. இலை கருகுவது வேறு கதை, பெரும்பாலும் உப்பும் வேர்ச் சூடும் செய்கிற வேலை. பழி மட்டும் வெயில் மேல் விழுகிறது. அதை நம்பிச் செடியை நிழலுக்குள் தள்ளிவிடுகிறோம்.

பதியன் பண்ணையில் பார்த்ததைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கே நாற்று நம் தங்கச்சிமடத்திலிருந்துதான் பெருமளவில் போகிறது. அங்கே மணல் பாத்தியில் நெருக்கமாகக் குச்சி ஊன்றி வேர் பிடிக்க வைக்கிறார்கள். வேர் இல்லாத குச்சியில் இலை மட்டும் இருந்தால், இலை வழியாகப் போகிற தண்ணீரை ஈடுகட்ட ஆள் கிடையாது. அதனால் வேர் விடும் வரைக்கும் நிழல் தேவை. அது குழந்தைக்குப் போட்ட தொப்பி மாதிரி, வளர்ந்த செடிக்குச் சொன்ன விதி கிடையாது. அதே ஊரில் பூப் பறிக்கிற தோட்டத்தைப் போய்ப் பாருங்கள், திறந்த வெளியில் இருக்கும்.

மல்லி பூப்பது புதுத் தளிரின் நுனியில். பழைய கட்டையிலிருந்து குட்டையான, திடமான கிளை நிறைய வெடித்தால் பூவும் நிறைய. வெயில் படும் கிளையில் கணுவும் கணுவும் நெருங்கி இருக்கும், இலை சிறிதாகத் தடித்து இருக்கும், நுனியில் மொக்கு கட்டும். நிழலில் இருக்கும் கிளை வெளிச்சத்தைத் தேடி நீள்கிறது. கணு இடைவெளி கூடுகிறது, இலை அகலமாகி மெலிகிறது, நிறம் கறுக்கிறது. பார்க்க வளமாகத் தெரியும். "செடி நல்லாத்தான் இருக்கு, பூதான் இல்லை" என்று சொல்ல வைப்பது இந்தத் தோற்றம்தான். சோதிக்க ஒரு வழி உண்டு. உங்கள் செடியிலேயே வெளிச்சப் பக்கம் ஒரு கிளையையும் உள்பக்கம் ஒரு கிளையையும் எடுத்து, நுனியிலிருந்து நாலு கணுவுக்கு விரலால் அளந்து பாருங்கள். உள்பக்கக் கிளையில் அந்த நீளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். உரம் போட்டால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். நிழலில் இருக்கும் செடிக்கு யூரியா வைத்தால் இன்னும் கொடி ஓடும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் வடக்குச் சுவர். "வீட்டுக்கு வடக்கே வெயிலே விழாது" என்று நீங்கள் நினைத்திருக்கலாம். டெல்லிக்காரருக்கு அது சரி, நமக்குப் பாதிதான் சரி. நம் கரை ஏறக்குறைய 9.3 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் சூரியன் ஆண்டுக்கு இரண்டு தடவை நம் நடு உச்சியைக் கடக்கிறது. ஒன்று சித்திரை பிறக்கிற நாளை ஒட்டி, இன்னொன்று ஆகஸ்ட் கடைசியில், ஆவணி இரண்டாம் வாரம் போல. அந்த நாள்களில் பன்னிரண்டேகால் மணி வாக்கில் முற்றத்தில் ஒரு குழாயை நட்டமாக நிறுத்திப் பாருங்கள், நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி முழுக்க வடக்குச் சுவரில்தான் மத்தியான வெயில் அடிக்கும், தெற்குச் சுவர் ஓரத்தில் நிழல் விழும். சூரியன் உதிப்பதும் அடைவதும்கூட அப்போது கிழக்கு மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்துதான்.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். கைப்பிடிச் சுவரோடு சேர்த்து உங்கள் வீடு 14 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மார்கழி உச்சிவேளையில் வடக்கே விழும் நிழல் ஏறக்குறைய 9 அடி. மாசி பிறக்கும்போது 6 அடி. பங்குனி பிறக்கும்போது 3 அடி. சித்திரையில் ஒன்றுமில்லை. ஆனியில் நிழல் அந்தப் பக்கம் மாறித் தெற்கே மூன்றரை அடி. உங்கள் செடி நிற்பது நாலடியில். ஐப்பசியிலிருந்து மாசி வரை அது சுவர் நிழலில் நிற்கிறது, உண்மைதான். ஆனால் மல்லிக்குச் சீசன் மாசி கடைசியில் தொடங்கி ஆனி வரை. பூ வர வேண்டிய மாதங்களில் உங்கள் சுவர் உச்சி வெயிலைத் தடுக்கவே இல்லை. மாடி வீடாக இருந்தால் கதை வேறு. 25 அடி உயரத்துக்கு மார்கழி நிழல் 16 அடி போகும், மாசியில்கூட 10 அடிக்கு மேல் நிற்கும், தளிர் வெடிக்கிற நேரத்திலேயே செடி நிழலில் மாட்டும்.

ஆகவே சுவரை விட்டுவிடுங்கள். உங்கள் செடியின் எதிரி கிழக்கே இருக்கும் தென்னையும் மேற்கே இருக்கும் வேம்பும்தான்.

இதை என் வார்த்தையை நம்பி ஏற்க வேண்டாம், ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். மேகம் இல்லாத நாளாக, முடிந்தால் பங்குனியில். காலை 7 மணிக்குத் தொடங்கி மணிக்கு ஒரு தடவை செடிக்கு மேலே ஓரடி உயரத்தில் கையை விரித்து, கீழே ஒரு வெள்ளைத் தாள் பிடியுங்கள். விரல் விரலாக நிழல் வெட்டித் தெரிந்தால் அது நேர் வெயில், முழு மணியாக எழுதுங்கள். கை உருவம் மங்கலாகத் தெரிந்தால் பாதி மணி. உருவமே தெரியாவிட்டால் நிழல், பூஜ்யம். நம் கண்ணை நம்பி "நல்ல வெளிச்சம்தானே" என்று முடிவு கட்டக் கூடாது. திறந்த வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கும், மரத்தடியில் அது பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும், வீட்டுக்குள் சன்னல் பக்கத்தில் ஆயிரத்தைத் தொட்டாலே பெரிது. கண்மணி விரிந்து கொடுத்து இந்த வித்தியாசத்தை நம்மிடம் மறைத்துவிடும். செடிக்கு அப்படி ஒரு வசதி இல்லை. போனில் வெளிச்சம் அளக்கும் செயலிகள் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்க உதவும், ஆனால் கை நிழலே போதும்.

நீங்கள் சொன்னதை வைத்து என் ஊகம்: காலையில் தென்னை ஓலை வழியாகச் சல்லடையாக வரும் வெளிச்சம், பத்து மணிக்கு மேல் ஒன்றரை வரை நேர் வெயில், பிறகு வேம்பு மூடிக்கொள்ளும். எல்லாம் சேர்த்து நாலு மணி தேறினால் அதிகம். அந்த நாலு மணிக்குச் செடி சாகாது, இப்படித்தான் தழைத்துக்கொண்டு சும்மா நிற்கும்.

தென்னை நிழல் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பதையும் கவனியுங்கள். பத்துப் பதினைந்து வயதுத் தென்னைக்கு மட்டை தாழ்ந்து அடர்ந்திருக்கும், அதன் கீழ் எதுவும் பூக்காது. 25, 30 வயதைத் தாண்டி உயர்ந்த தென்னை நிறைய வெயிலைக் கீழே விடும், நிழலும் நகர்ந்துகொண்டே இருக்கும். தோப்புக்காரர்கள் ஊடுபயிர் போடுவதும் மரம் சின்னதாக இருக்கும்போது அல்லது நன்றாக உயர்ந்த பிறகுதான். உங்கள் தென்னை எந்த வயது என்று நீங்கள் சொல்லவில்லை. எதுவானாலும் மல்லிக்காகப் பச்சை மட்டையை வெட்டாதீர்கள், காய் குறையும். வேம்பின் கீழ்க்கிளைகளைக் கழித்தால் மாலை வெயில் ஒரு மணி, ஒன்றரை மணி கூடலாம். அப்படியும் 6 மணி நேரத்தை எட்டவில்லை என்றால் செடியை மாற்றுவதே வழி.

மாற்று இடம் தேடும்போது கிழக்கு திறந்த இடத்துக்கு முதல் மதிப்பெண் கொடுங்கள். காலை 7 முதல் 11 வரை காற்றில் ஈரம் இருக்கும், இலைத் துளைகள் திறந்திருக்கும், செடி அந்த வெயிலை முழுசாகச் சாப்பிடும். பிற்பகல் இரண்டு மணிக்கு மணல் கொதிக்கும்போது தண்ணீரைக் காக்க இலை துளைகளை மூடிக்கொள்கிறது, வெளிச்சம் இருந்தும் பெரிதாக வேலை நடக்காது. அதனால் முற்பகல் நாலு மணியும் பிற்பகல் இரண்டு மணியும் கிடைக்கிற இடம், பிற்பகல் மட்டும் ஆறு மணி கிடைக்கிற மேற்குச் சுவர் ஓரத்தைவிட எவ்வளவோ மேல். மேற்குச் சுவர் இரவு வரைக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும் என்பதும் ஒரு தொல்லை.

செடியை இடம் மாற்றக் கார்த்திகை நல்ல மாதம். நம் மாவட்டத்துக்கு மழையே பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான், மண் ஈரமாக இருக்கும், மேகம் இலவசமாக நிழல் தரும். மல்லிக்குக் கவாத்து செய்கிற நேரமும் நவம்பர் கடைசி வாரம்தான். தரையிலிருந்து 50 செண்டிமீட்டர் விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டி, காய்ந்த குச்சி, குறுக்கே ஓடுகிற கிளையைக் கழித்துவிட்டு, வேர் மண் கலையாமல் பெயர்த்து நடுங்கள். குழி ஒன்றரைச் சாண் ஆழம், அகலம். பல செடி வைப்பதாக இருந்தால் ஒன்றேகால் மீட்டர் இடைவெளி, அதைவிட நெருங்கினால் ஒன்றுக்கொன்று நிழல் போடும். இடத்தை மாற்றாத செடிக்கும் இந்தக் கவாத்து உண்டு. அதை வெறும் சவரம் என்று நினைக்க வேண்டாம், நடுக்கட்டைக்கு வெளிச்சம் இறங்க வழி திறப்பதே அதில் முக்கியம். கவாத்துக்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் விட்ட செடியைப் பிரித்துப் பாருங்கள், வெளிப்பக்கம் மட்டும் இலையும் உள்ளே வெறும் குச்சியும் இருக்கும்.

பெயர்க்கப் பயமாக இருந்தால், நிழலில் ஓடிய அந்தக் கொடியே பயன்படும். நீளக் கிளையை வளைத்து, மண்ணில் படுகிற கணுவுக்கடியில் லேசாகச் சீவி, மண் மூடி ஒரு கல்லை வைத்துவிடுங்கள். மூன்று நாலு மாதத்தில் வேர் பிடிக்கும். தாய்ச் செடி இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பிள்ளையை வெயிலுக்குக் கொண்டுபோங்கள்.

நிழலில் வளர்ந்த செடியை ஒரே நாளில் முழு வெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும். பலரும் வெயிலைக் குறை சொல்ல இந்த அனுபவமே காரணம். இலை எந்த வெளிச்சத்தில் விரிந்ததோ அந்த வெளிச்சத்துக்குத்தான் அது தயார், பழைய இலையை மாற்ற முடியாது, புது இலை வர வேண்டும். முதல் இரண்டு வாரம் தென்மேற்குப் பக்கம் மட்டும் ஒரு கிடுகுத் தட்டியோ பனை ஓலையோ சாய்த்து வையுங்கள். காலை வெயில் படட்டும், மத்தியானத்துக்கு மேல் மறையட்டும். புதுத் தளிர் வந்ததும் ஓலையை எடுத்துவிடுங்கள். எடுத்துவிடுங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பச்சை நிழல்வலையைச் சித்திரையில் கட்டிவிட்டு அடுத்த சித்திரை வரை மறந்துபோகிற வீடுகள் உண்டு. 50 சதவீத வலை என்றால் வெளிச்சத்தில் பாதியை அது தின்றுவிடுகிறது, 6 மணி வெயில் 3 மணிக்குச் சமமாகிப்போகும்.

சரி, மாடித் தொட்டிக்கு வருவோம். அங்கே வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை, இருந்தும் இலை கருகுகிறது. கருகல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெயில் பட்டு வெந்த இலையில் நடுப்பரப்பில், சூரியனைப் பார்த்த பக்கம், வெளுத்த அல்லது பழுப்புத் திட்டு விழும். அதே இலையின் மடிந்த பகுதி பச்சையாகவே இருக்கும். உப்பு என்றால் நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் பழுப்பு உள்ளே வரும், கீழே உள்ள முதிர்ந்த இலையில் முதலில் தெரியும். காற்றில் வந்த உப்பு என்றால் செடியின் கடல் பக்கம் மட்டும் கருகி, மறுபக்கம் நன்றாக இருக்கும். நீங்கள் "ஓரம்" என்று எழுதியிருப்பதால் உப்பு என்பதே என் எண்ணம். எந்த உப்பு என்பதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்து அதையே தொட்டிக்கு ஊற்றினால், தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு மட்டும் மண்ணில் தங்கிக்கொண்டே வரும். தொட்டியின் வெளி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறதா? இருந்தால் நல்ல தண்ணீரை, அடித்துளையில் ஓடி வெளியேறுகிற அளவுக்கு இரண்டு மூன்று தடவை ஊற்றி அலசிவிடுங்கள். தினம் ஒரு டம்ளர் தெளிப்பது உப்பைச் சேர்க்கவே உதவும். ஐப்பசி மழையை வீணாக்காமல் தொட்டியைத் திறந்த வெளியில் விடுங்கள், அதைவிட நல்ல அலசல் கிடையாது.

இரண்டாவது, கறுப்புத் தொட்டி. சித்திரை மத்தியானம் அதன் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. அந்தப் பக்கத்து வேர் உள்ளேயே வெந்துவிடுகிறது, வேர் போனால் தண்ணீர் ஊற்றியும் இலை கருகும். செடியை நிழலுக்கு இழுக்காமல் தொட்டியை மட்டும் நிழலில் வையுங்கள். மண் தொட்டிக்கு மாற்றலாம், அல்லது பெரிய தொட்டிக்குள் இதை இறக்கி இடைவெளியில் தேங்காய் நார் திணிக்கலாம், அல்லது மேற்கே நாலு கூரை ஓடுகளை அடுக்கலாம். தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடிச் சூடு குறையும். தலையில் வெயிலும் காலில் குளிர்ச்சியும் இருந்தால் தொட்டி மல்லியும் தரைச் செடிக்குச் சளைக்காமல் பூக்கும்.

காற்று உப்புக்கு மறைப்பு வேண்டும், ஆனால் மறைப்பு வெயிலை மறைத்துவிடக் கூடாது. உச்சிப்புளியில் ஐப்பசி முதல் தை வரை வாடை பாக்கு நீரிணைப் பக்கமிருந்து வருகிறது. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆனி, ஆடியில் தெற்கும் மேற்கும் சேர்ந்து அடிக்கிற காற்றுதான் மன்னார் வளைகுடா உப்பைச் செடி மேல் கொண்டுவந்து போடும். செடியின் உயரத்துக்கு ஓலை வேலி, செடியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி. காற்று கொஞ்சம் ஊடுருவுகிற வேலிதான் நல்லது. கெட்டியான சுவரில் மோதிய காற்று மேலேறி அந்தப் பக்கம் சுழன்று இறங்கும். பலத்த காற்று அடித்த மறுநாள் காலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிட்டால் பாதிக் கருகல் நின்றுவிடும்.

இலை மஞ்சளாவதையும் வெயில் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை, நம் சுண்ணாம்புத் தன்மை உள்ள கடற்கரை மணலில் சகஜம். லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கலந்து மாதம் ஒரு தடவை மாலையில் தெளித்தால் பச்சை திரும்பும்.

தென்னைக்கும் வேம்புக்கும் நடுவில் காலியாகும் அந்த இடத்தில் கனகாம்பரம் வையுங்கள், பாதி நிழலில் அது நன்றாகவே பூக்கும். நந்தியாவட்டையும் முகம் சுளிக்காது. செம்பருத்தியை அங்கே வைக்காதீர்கள், அதுவும் மல்லி மாதிரி இலையாகத்தான் நிற்கும். கடல் பக்கக் காற்று நேராக மோதுகிற மூலைக்குக் காகிதப்பூவோ அரளியோ. இரண்டுக்கும் எவ்வளவு வெயிலானாலும் சரி, உப்புக் காற்றையும் பொருட்படுத்தாது.

இந்தக் கார்த்திகையில் கவாத்து செய்து இடம் மாற்றினால் பங்குனியில் முதல் மொக்கு பார்க்கலாம். பெயர்த்து நட்ட முதல் ஆண்டு என்பதால் வரத்து சுமாராகத்தான் இருக்கும், வேர் பிடித்த அடுத்த சீசனில் வைத்துக் கணக்குப் பாருங்கள். அப்போதும் கிளை குட்டையாக, இலை தடித்து இருந்தும் மொக்கு விழாமல் இருந்தாலோ, மொக்கு ஊதா நிறமாகி உதிர்ந்தாலோ, அது வெளிச்சப் பிரச்சினை கிடையாது, மொக்கில் புழுவோ ஈயோ இறங்கியிருக்கும். நாலைந்து மொக்கைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டு எழுதுங்கள்.